ஊருக்குள் கோழி வளர்க்கலாமா? சட்டமும் பக்கத்து வீடும்



நம் கூட்டங்களுக்குப் புதிதாக வருகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சார், தோட்டம் வாங்க இன்னும் நாளாகும். வீட்டுக் கொல்லையில பத்துக் கோழி வளர்த்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். முனிசிபாலிட்டியில விடுவாங்களா?"

நல்ல தொடக்கம்தான். பத்துக் கோழி இருந்தால் வீட்டுக்கு முட்டை, செடிக்கு எரு, சமையலறைக் கழிவுக்கு ஒரு வழி, மூன்றும் கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கேள்வியில் பாதிதான் இருக்கிறது. "நகராட்சி விடுமா" என்று கேட்பவர்கள் "பக்கத்து வீட்டுக்காரர் தூங்குவாரா" என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையையும், பிறகு சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இந்தப் பாடத்தில் எழுதுகிறேன்.

என் வீட்டுக் கதை

வங்கியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மம்சாபுரம் பக்கம் கொஞ்சம் தென்னையும் மாவும் இருக்கிறது. குடியிருப்பு ராஜபாளையம் டவுனுக்குள். ஓய்வு பெற்ற மறு வருஷமே கொல்லைப்புறத்தில் பத்துப் பெட்டையும் இரண்டு சேவலும் விட்டேன். எல்லாம் நாட்டுக்கோழி. கூட்டை எங்கே வைத்தேன் தெரியுமா? என் படுக்கையறைக்கு எட்டாத மூலையாகப் பார்த்து, மதிலை ஒட்டி வைத்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஜன்னல். அது என் கண்ணில் படவே இல்லை.

அந்த வீட்டுத் தம்பி நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். இரண்டாவது ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுப் படுக்க ஒரு மணி ஆகிவிடும். என் சேவல் மூன்றரைக்குத் தொடங்கும். ஒன்று கூவினால் அடுத்தது பதில் சொல்லும். அவர் வீட்டம்மா என் மனைவியிடம் இரண்டு தடவை சாடையாகச் சொல்லியிருக்கிறார். "அக்கா, உங்க சேவலுக்கு ராத்திரி பகல் தெரியலையே" என்று சிரித்துக்கொண்டே. நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். மூன்றாவது தடவை சிரிப்பு இல்லை, மனு. நகராட்சிக்கு எழுத்து மூலம் போயிருந்தது. துர்நாற்றம், ஈ, விடியற்காலைச் சத்தம் என்று மூன்று குறை.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு டஜன் முட்டையை எடுத்துக்கொண்டு போனேன். சமாதானம் பேசத்தான் போனேன், ஆனால் உள்ளுக்குள் மேனேஜர் தோரணை இருந்திருக்கும் போல. அந்தத் தம்பி வாசலிலேயே நின்று, "முட்டை வேண்டாம் சார். எனக்குத் தூக்கம்தான் வேணும்" என்றார். முட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

கோபத்தில்தான் சட்டம் படிக்கத் தொடங்கினேன். அவரை மடக்கலாம் என்று நினைத்துப் படித்தவன், படித்து முடித்தபோது மடங்கிப்போனேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கோழிப் பண்ணை குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதலில் உள்ளது. 2021இல் திருத்தப்பட்ட அந்த வழிகாட்டுதல் 5,000 கோழிகளும் அதற்கு மேலும் உள்ள பண்ணைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. கொல்லையில் பத்துக் கோழி வைத்திருப்பவரை அதைக் காட்டி யாரும் மிரட்ட முடியாது. அதே நேரம் "நான் பண்ணை இல்லை, எனக்கு எந்த விதியும் கிடையாது" என்று நாமும் சொல்ல முடியாது. நமக்குப் பொருந்துபவை இவை.

ஒன்று, உள்ளாட்சி அனுமதி. நகர்ப்பகுதிகளில் விலங்குகளும் பறவைகளும் வளர்ப்பதை ஒழுங்குபடுத்த 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. உள்ளாட்சியிடம் உரிமம் பெறுவதுதான் அதன் அடிப்படை. நகராட்சிகளின் பொதுவான அதிகாரங்கள் இப்போது 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் கீழும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளின் கீழும் இருக்கின்றன. ஆகவே கோழி வாங்கும் முன் நகராட்சி சுகாதாரப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எத்தனை கோழி, எங்கே கூடு, கழிவை என்ன செய்வீர்கள் என்று ஒரு பக்கம் போதும். ஒப்புகை முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப் பேச்சு கோப்பில் ஏறாது என்பது வங்கிக்காரன் அனுபவம்.

இரண்டு, பொதுச் சுகாதாரம். 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம், உடல்நலத்துக்குக் கேடு வரும் இடத்திலோ முறையிலோ விலங்கை வைத்திருப்பதையும் தொல்லைகளின் பட்டியலில் சேர்க்கிறது. அதை நீக்கச் சொல்லிச் சுகாதார அதிகாரி நோட்டீஸ் கொடுக்கலாம்.

மூன்று, பொதுத் தொல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 270ஆம் பிரிவு பொதுத் தொல்லை என்றால் என்ன என்கிறது. 292ஆம் பிரிவில் அதற்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம். தொகை சின்னது. ஆனால் 270இல் கடைசி வரியைக் கவனியுங்கள். அதனால் யாருக்கோ ஒரு வசதியோ நன்மையோ கிடைக்கிறது என்பதற்காகப் பொதுத் தொல்லை மன்னிக்கப்படாது என்கிறது. "நான் நஞ்சில்லா முட்டை தருகிறேன், இயற்கை எரு தயாரிக்கிறேன்" என்ற நம்முடைய வாதம் அங்கே செல்லாது.

நான்கு, கோட்டாட்சியரின் அதிகாரம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. பொதுத் தொல்லையை நீக்கும்படி நிர்வாக நடுவர் நிபந்தனை உத்தரவு போடலாம். நம் இரண்டு ஊருக்கும் சிவகாசி கோட்டாட்சியர். உத்தரவு வந்தால் நேரில் போய் நம் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு. முறைப்படி போட்ட உத்தரவை எதிர்த்து சிவில் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப முடியாது. அதனால் அந்த விசாரணையை அலட்சியம் செய்யக் கூடாது.

ஐந்து, ஒலி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. சேவல் கூவுகிற மூன்றரை மணி நமக்கு விடியல், விதிப்படி நடு இரவு.

இந்த ஐந்தையும் சேர்த்துப் பாருங்கள். "கோழி வளர்க்காதே" என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "எப்படி வளர்க்கிறாய், அதனால் யாருக்குத் துன்பம்" என்றுதான் எல்லாமே கேட்கின்றன. பதில் வக்கீலிடம் இல்லை, கூட்டில் இருக்கிறது.

இரண்டு சேவல்கள், இரண்டு தீர்ப்புகள்

கேரளத்தில் பத்தனம்திட்டா மாவட்டம், அடூர் அருகே பள்ளிக்கல் கிராமம். அங்கே ஒரு முதியவர், அடுத்த வீட்டுச் சேவல் விடியற்காலை மூன்று மணிக்கே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புகார் கொடுத்தார். அடூர் கோட்டாட்சியர் இரு தரப்பையும் விசாரித்து, இடத்தையும் பார்க்கச் செய்தார். கோழிக்கூடு வீட்டின் மேல்மாடியில் இருந்தது. 2025 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. 14 நாளுக்குள் கூட்டை அங்கிருந்து எடுத்து வீட்டின் தெற்குப் பக்கம் மாற்ற வேண்டும். கோழியை விற்கச் சொல்லவில்லை, சேவலை அறுக்கச் சொல்லவில்லை. இடத்தை மாற்றச் சொன்னார், அவ்வளவுதான்.

பிரான்ஸ் நாட்டில் ஒலெரோன் தீவில் மோரிஸ் என்று ஒரு சேவல் இருந்தது. விடுமுறைக்கு வந்து தங்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதன் மீது வழக்குப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் சேவலின் சொந்தக்காரருக்கு 1,000 யூரோ கொடுக்க வேண்டியதாயிற்று. இது போன்ற வழக்குகளின் தொடர்ச்சியாக 2021 ஜனவரியில், கிராமத்து ஓசைகளையும் வாசனைகளையும் மரபுச் சொத்தாகக் காக்க அங்கே ஒரு சட்டமும் வந்தது.

நம் ஆட்கள் மோரிஸ் கதையை மட்டும் விரும்பிச் சொல்வார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. நமக்கு வழிகாட்டுவது அடூர் உத்தரவு. அதை நமக்கு எதிரானது என்றும் நினைக்க வேண்டாம். பதினான்கு நாளில் கூட்டை மாற்றியதும் தீர்ந்துவிடக்கூடிய ஒரு பிரச்சினை அரசு அலுவலகம் வரை போனது என்பதுதான் அதில் உள்ள பாடம்.

நான் செய்த பெரிய தவறு

மனு வந்த அடுத்த வாரம், மாசி மாதம், வெயில் ஏறத் தொடங்கிய நேரம். காலையில் கூட்டைத் திறந்தால் இரண்டு பெட்டை செத்துக் கிடந்தன. மறுநாள் இன்னும் மூன்று. என் மனதில் முதலில் வந்தது ஒரே சொல்தான். விஷம். டீக்கடையில் நாலு பேர் முன்னால், "நேத்து மனு, இன்னைக்கு மருந்து" என்று சொல்லியும்விட்டேன். சின்ன ஊரில் ஒரு பேச்சு போகிற வேகம் உங்களுக்கே தெரியும். மாலைக்குள் அது அந்தத் தம்பி காதுக்குப் போய்விட்டது.

போலீசுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். என் மனைவிதான், "மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று செத்த கோழி ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்தாள். கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். கூட்டில் மிச்சமிருந்த கோழிகளைப் பற்றிக் கேட்டார். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், ஒன்றுக்குக் கழுத்துத் திருகல். "வெள்ளைக்கழிச்சல் சார். தடுப்பூசி எப்பப் போட்டீங்க?" என்றார்.

போடவே இல்லை. இயற்கை விவசாயிக்கு எதற்கு ஊசி, மஞ்சளும் கீழாநெல்லியும் போதும் என்று இருந்தேன். மூலிகை தீவனத்தோடு போகட்டும், தவறில்லை. ஆனால் வெள்ளைக்கழிச்சல் நச்சுயிரி நோய். வந்த பிறகு மருந்து கிடையாது, வருமுன் தடுப்பூசிதான். இயற்கை வேளாண் சான்றிதழ் விதிகளும் தடுப்பூசியை விலக்கவில்லை. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமை ஊர் ஊராக இரண்டு வாரம் நடத்துகிறது. இலவசம். என் தெருவிலேயே நடந்திருக்கிறது, நான் போகவில்லை.

பன்னிரண்டில் மிஞ்சியது நான்கு. கோழி போனால் மறுபடி வாங்கலாம். ஒரு மனிதரைக் கொலைகாரன் போல ஊருக்குள் பேசியதை எப்படித் திரும்பப் பெறுவது? அன்று இரவு அவர் வேலை முடிந்து வரும்வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டரைக்கு வந்தார். மருத்துவர் சொன்னதைச் சொல்லி, "தம்பி, நான் பேசினது தப்பு" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "டீக்கடையிலயும் சொல்லிருங்க சார்" என்றார். மறுநாள் காலையில் போய் அதே நாலு பேர் முன்னால் சொன்னேன்.

கூட்டைச் சரிசெய்வது எப்படி?

அதற்குப் பிறகு நான் செய்தவை இவை. ஒவ்வொன்றும் மனுவில் இருந்த ஒரு குறைக்கான பதில்.

சத்தம்: முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. பெட்டை தானாகவே முட்டையிடும். குஞ்சு வேண்டும் என்றால்தான் சேவல். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் கண்டது, சேவல் வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுவதில்லை, உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் கூவ வைக்கிறது. அதனால் கூட்டை இருட்டாக்கினால் முழுதாக நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். கழுத்தில் பட்டை கட்டுவது கொடுமை, அதுவும் வேண்டாம். சேவல் இரண்டையும் நான் மம்சாபுரம் தோப்புக்குக் கொண்டுபோய்விட்டேன். அங்கே கீரியும் மரநாயும் வரும், அதனால் ராத்திரி அடைக்கக் கம்பி வலைக் கூடு. வீட்டில் பெட்டை அடைக்கு உட்கார்ந்தால் தோப்பிலிருந்து கருமுட்டை கொண்டுவந்து அடை வைக்கிறேன். பெட்டை முட்டையிட்டதும் கொக்கரிக்கும். அது பகல் சத்தம், சிறிது நேரத்தில் அடங்கிவிடும்.

இடம்: கூட்டை அமைக்கும் முன் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள். ஜன்னல் எங்கே, கிணறு எங்கே, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் ஆனி, ஆடியில் மேற்கே மலையிலிருந்து காற்று வரும். கூட்டுக்குக் கிழக்கே யார் வீடு இருக்கிறது என்று யோசியுங்கள். நான் கூட்டை என் சமையலறைப் பக்கம் மாற்றினேன். நாற்றம் வந்தால் முதலில் நமக்குத் தெரிய வேண்டும்.

நாற்றம்: பத்துக் கோழி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எச்சம் போடும், மாதம் முப்பது கிலோ. எச்சத்தில் தழைச்சத்து அதிகம். ஈரமானால் அது அம்மோனியாவாகப் போகிறது, மூக்கை அரிப்பது அதுதான். நாற்றம் அடிக்கிறது என்றால் உங்கள் செடிக்குப் போக வேண்டிய சத்து காற்றில் போகிறது என்று அர்த்தம். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடிக்குக் குறையாமல் இடம் விட்டு, தரையில் நாலு முதல் ஆறு அங்குலம் காய்ந்த தென்னை நார்க்கழிவோ நிலக்கடலைத் தொலியோ பரப்புங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். தண்ணீர்ச் சட்டியைக் கல் மேல் வையுங்கள், சிந்துவதுதான் ஈரத்துக்குக் காரணம். ஈரமான இடத்தை அள்ளிவிட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள்.

ஈ: நம் வெயிலில் ஈ முட்டையிலிருந்து ஈயாக ஒரு வாரம் பத்து நாள் போதும். மூன்று நாளைக்கு ஒருமுறை ஈர எச்சத்தை அள்ளினால் புழு ஈயாகாது. அள்ளியதைக் குழியில் போட்டு, இரண்டு பங்கு காய்ந்த சருகு சேர்த்து, மண் போட்டு மூடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் எரு. பச்சையாகப் போட்டால் செடி கருகும்.

எலி: தீவனத்தை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். இரவில் தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். எலி வந்தால் பின்னால் பாம்பும் வரும், அப்போது தெருவே மனுப் போடும்.

மேய்ச்சல்: அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறுவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். பகலில் வேலிக்குள் விடுங்கள், குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். தெருவில் ராஜபாளையம் நாய் வளர்ப்பவர் இருந்தால் வேலி கோழிக்கும் பாதுகாப்பு.

புகார் வந்துவிட்டால்

1. அன்றே நேரில் போய்ப் பேசுங்கள். முட்டை கொண்டுபோகாதீர்கள், முதலில் காதைக் கொண்டுபோங்கள். எந்த நேரம், என்ன தொல்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. சுகாதார ஆய்வாளர் வந்தால் கூட்டைத் திறந்து காட்டுங்கள். என்ன மாற்றம், எத்தனை நாளில் என்று எழுதிக் கொடுங்கள்.

3. நோட்டீஸ் வந்தால் கெடுவுக்குள் பதில் போடுங்கள். மாற்றிய கூட்டின் படம், தடுப்பூசி போட்ட தேதி இரண்டையும் இணையுங்கள்.

4. பேச்சு முறிந்துவிட்டால் கோர்ட்டுக்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகம்தான். வழக்குப் போடாமலே அங்கே மனுக் கொடுத்து இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசலாம், செலவில்லை.

5. கோழி செத்தால் முதலில் கால்நடை மருத்துவர். பரிசோதனைக்கு முன் யார் பெயரையும் சொல்லாதீர்கள். உண்மையிலேயே யாராவது விஷம் வைத்திருந்தால் நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு இருக்கிறது. விலங்கைக் கொல்வதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. மருத்துவரின் அறிக்கை இல்லாமல் அந்தப் பிரிவால் பயன் இல்லை.

தடுப்பூசி, கூடு அமைப்பு பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் ராஜபாளையத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் கேட்கலாம்.

இப்போது என் கொல்லையில் எட்டுப் பெட்டை இருக்கின்றன. மனு முடித்துவைக்கப்பட்டது. அந்தத் தம்பியும் நானும் பழையபடி ஆகிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். பேச்சு இருக்கிறது, ஆனால் அளந்துதான். போன தை மாதம் அவர் வீட்டம்மா மதிலுக்கு மேலே ஒரு கிண்ணத்தை நீட்டி, "அக்கா, பிள்ளைக்கு ரெண்டு முட்டை இருக்குமா, காசு தந்துர்றேன்" என்று கேட்டாராம். என் மனைவி காசு வாங்கிக்கொண்டாள். எனக்கு முதலில் புரியவில்லை. "சும்மா கொடுத்தா வாங்க மாட்டாங்க. காசு வாங்கினாத்தான் மறுபடி வருவாங்க" என்றாள். முப்பத்து நாலு வருஷம் கணக்குப் பார்த்தும் எனக்குத் தெரியாத கணக்கு இது.

ஆகவே ஊருக்குள் கோழி வளர்க்கலாமா என்று கேட்கிற நண்பர்களே, வளர்க்கலாம். கோழி வாங்கும் முன் ஒரு நாள் மாலை பக்கத்து வீட்டுக்குப் போய், "இந்த மாதிரி வளர்க்கலாம்னு இருக்கேன், எங்க வச்சா உங்களுக்குத் தொந்தரவு இருக்காது?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். நகராட்சிக் கடிதத்தை மறுநாள் எழுதிக்கொள்ளலாம்.